கொடுத்துக் கெடுகிறாளா என் மகள்?

பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கூடவே மகளின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் ஒரு நோட்டுப் பக்கத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதவாறு அக்கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் கூலிக்கு நெய்யும் எட்டு விசைத்தறிகள் வைத்திருக்கிறார். ஒரே மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற ஜூனில் அவள் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பீகாரிலிருந்து வந்த குடும்பம். தாய் தந்தை இருவரும் திருப்பூர் பனியன் கம்பெனியில் பெரும்பாலான நாட்கள் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியை இந்தப் பெண்தான் கவனித்துக்கொள்கிறாள். தமிழ் சரளமாகப் பேசுகிறாள், எழுதத்தான் தடுமாறுகிறாள். மகள் மதிய இடைவேளையிலும், மாலையில் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரமும் அவளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறாள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு இதைக் கவனித்த வகுப்பாசிரியை, மகளைக் 'குட்டி டீச்சர்' ஆக்கி, ஐந்து பிள்ளைகளை அவள் பொறுப்பில் விட்டார். சுவரில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது. அந்த ஐவரில் எத்தனை பேர் வாரத் தேர்வில் தேறுகிறார்களோ, அத்தனை நட்சத்திரம் மகள் பெயருக்கு நேராக விழும்.

அரையாண்டில், சமூக அறிவியல் தேர்வின்போது மகள் தன் விடைத்தாளைத் தோழிக்குக் காட்டி மாட்டிக்கொண்டாள். விடைத்தாளைப் பிடுங்கி வைத்து, அரை மணி நேரம் கழித்தே திருப்பித் தந்திருக்கிறார்கள். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இருவரையும் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, செய்ததைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரமே, மகளிர் குழுத் தவணைக்காகப் பீரோவில் வைத்திருந்த பணத்தில் நானூறு ரூபாய் குறைந்தது. ஆழியாறு சுற்றுலாவுக்குத் தோழியின் பெயரைச் சேர்க்க மகள்தான் எடுத்திருக்கிறாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? உம் புள்ளைக்கு அளக்கவே தெரியலியே" என்று கணவர் கோபப்படுகிறாராம்.

தாய் நான்கு கேள்விகள் கேட்கிறார். அந்தப் பெண்ணோடு பழகுவதை நிறுத்திவிட்டு வகுப்புப் பிரிவை மாற்றச் சொல்லலாமா? ஆசிரியை மேல் புகார் கொடுக்கலாமா? பணத்தை அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் கேட்டு வாங்கலாமா? என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு இருவரும் படிக்கும்போது, போட்டிக்கு வருகிறவளுக்கே மகள் சொல்லிக் கொடுப்பது புத்திசாலித்தனமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய மதிப்பெண்களிலிருந்தே தொடங்குகிறேன். மொத்தம் 383-லிருந்து 368-ஆகக் குறைந்துவிட்டது, "சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே இவள் பின்னால் போய்விட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பாடமாகப் பாருங்கள். கணக்கு 71-லிருந்து 84-க்கும், அறிவியல் 68-லிருந்து 76-க்கும் ஏறியிருக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்தில் அங்கேயே நிற்கின்றன. சமூக அறிவியல் ஒன்றுதான் 82-லிருந்து 49-க்குச் சரிந்திருக்கிறது. விடைத்தாள் அரை மணி நேரம் மேசை மேல் கிடந்ததும் அதே தேர்வில்தான். ஆக, உங்கள் மகள் சொல்லிக் கொடுத்த கணக்கில் பதின்மூன்று மதிப்பெண் கூடியிருக்கிறது. குறைந்தது, அவள் விடைத்தாளைக் காட்டிய தேர்வில். இந்த இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு அந்தப் பாடம் ஏன் ஆழமாகப் பதிகிறது என்பதற்கு நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கமே சாட்சி. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று தோழி கேட்டிருக்கிறாள் போலும். பெரும்பாலான பிள்ளைகள், ஏன் நம்மில் பலரும், "அது அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துவிடுவோம். உங்கள் மகள் இப்படி எழுதியிருக்கிறாள்: "5 ரூபாய்க் கடன் மூன்று இருக்கு. மூன்றையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. நமக்கு 15 ரூபாய் லாபம்." பாடநூலை மனப்பாடம் செய்தவளால் இதை எழுத முடியாது, இன்னொருத்திக்குப் புரிய வேண்டுமே என்று தவித்தவள்தான் எழுதுவாள். (தறிக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கடன் தள்ளுபடி என்ற உவமை எங்கிருந்து கிடைத்திருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அதில் எங்கே ஓட்டை என்பது தெரிகிறது, கேட்பவள் விடாமல் "ஏன்" என்று கேட்கிறவளாக இருந்தால் ஓட்டை அடைபடும்வரை விடமாட்டாள். இப்படிப் பார்த்தால், அந்தப் பெண் உங்கள் மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. உங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்விகளை அவள் கேட்டிருக்கிறாள்.

இது நம் மண்ணுக்குப் புதிதுமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்வான். மணலில் விரலால் எழுதச் செய்து திருத்துவான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே கண்ட இந்த முறையை 1789 வாக்கில் தம் பள்ளியில் கையாண்டார். 1797-இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் எழுதி வெளியிட்டார். அங்கே அது பல பள்ளிகளில் பரவி 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஆனால் அதே சட்டாம்பிள்ளையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் வேறொரு செய்தியும் உண்டு. வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பு அவன் கையில் இருக்கும். அவனுக்குத் தின்பண்டம் கொடுத்தவன் அடியிலிருந்து தப்பிப்பான். கூடப் படிக்கிற பிள்ளையிடம் ஆசிரியரின் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால், அவன் பிள்ளையாகவும் இருக்க முடியாமல் ஆசிரியராகவும் ஆக முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறான். உங்கள் வீட்டுச் சிக்கலும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் முளைத்திருக்கிறது.

நட்சத்திர அட்டவணை வந்த பிறகு

உங்கள் கடிதத்தில் நடந்தவை தேதிவாரியாக இருக்கின்றன, அதற்கு நன்றி. ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் மகள் யாரும் சொல்லாமல், யாரும் எண்ணாமல் சொல்லிக் கொடுத்தாள். அந்த நான்கு மாதத்தில் ஒரு குறையும் நீங்கள் எழுதவில்லை. மாலையில் வீட்டுக்கு வர நேரமாகிறது என்பதைத் தவிர. அட்டவணை ஒட்டப்பட்டது காலாண்டுக்குப் பிறகு. அதன் பின்தான் "இன்னிக்கு எனக்கு மூணு ஸ்டார்தான்" என்று அவள் முகம் வாடி வந்ததும், "அந்தப் பையனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்று ஒருவனைப் பற்றி அலுத்துக்கொண்டதும், கடைசியில் விடைத்தாளைக் காட்டியதும் நடந்திருக்கின்றன.

நட்சத்திரம் எதற்குக் கிடைத்தது? புரியவைத்ததற்கா, தேறவைத்ததற்கா? தேறவைத்ததற்கு. ஒருவருக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆகலாம். தேறவைக்க அரை நிமிடம் விடைத்தாளைச் சாய்த்துப் பிடித்தால் போதும். பதின்மூன்று வயதுப் பிள்ளை இந்த வித்தியாசத்தைத் தானாகக் கண்டு விலகி நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம். பெரியவர்களே தடுமாறும் இடம் அது. 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெப்பரும் உடன் ஆய்வு செய்தவர்களும், ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்னதாகவே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதில் நாட்டம் குறைந்திருந்தது. தானாகச் சுரந்த ஒன்றுக்கு விலை வைத்தால் பல வேளைகளில் இப்படித்தான் ஆகிறது. அந்த ஆசிரியையின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லதைப் பாராட்ட நினைத்திருக்கிறார். ஆனால் ஐந்து பிள்ளைகளின் தேர்ச்சி என்பது சம்பளம் வாங்குகிற பெரியவர் சுமக்க வேண்டிய பாரம். அது உங்கள் மகளின் தோளில் ஏறிவிட்டது.

உங்கள் கணவரும், கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறொரு வகையில் அதே அட்டவணையைத்தான் கையில் வைத்திருக்கிறார். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. யார் எவ்வளவு வைத்தார்கள், நாம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது தலைமுறைக் கணக்கு. பெரியவர்களுக்குள் அது ஒரு நல்ல ஏற்பாடுதான். பிள்ளைகளின் நட்பில் அந்த நோட்டைத் திறந்தால் அவர்களுக்கு எழுதத் தெரிவதில்லை. அளந்து போட வேண்டும் என்று அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. நேரத்தையும் பணத்தையும் அளக்கத்தான் வேண்டும். சோமனூரில் ஒரு பெரியவரிடம் தறி ஓட்டக் கற்றுக்கொண்டதாக அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அறுந்த இழையைப் பிணைக்க முதன்முதலில் சொல்லிக் கொடுத்த அந்த மனிதருக்கு அதனால் என்ன குறைந்தது என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வாதத்துக்காகக் கேட்காதீர்கள், அவர் அந்தக் கதையைச் சொல்வதை மகள் கேட்க வேண்டும் என்பதற்காகக் கேளுங்கள்.

வகுப்பு மாற்றமும் புகாரும்

பிரிவை மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்க உங்களுக்குத் தடையில்லை. முடிவு பள்ளியின் கையில் இருக்கிறது. ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தப்பட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியை அடுத்த மாதமே வேறு வகுப்புக்குக் கொண்டு போனால், மற்றவள்தான் குற்றவாளி என்று பள்ளி முழுவதும் தீர்ப்பு எழுதிவிடும். உங்கள் மகள், உதவி செய்தால் தண்டனை என்று கற்றுக்கொள்வாள். "வடக்கத்திக்காரங்க சகவாசம் வேண்டாம்" என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பேச்சு மகளின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் அரசுப் பள்ளியில் படிப்பது யாரும் இட்ட சலுகை இல்லை. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது, அவர்கள் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து அல்ல. தமிழையும் அவள் விருப்பத்துக்குப் படிக்கவில்லை. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். எட்டாம் வகுப்பு வரை தேறவில்லை என்று யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பது இங்கே இல்லை என்பதால் இதுவரை ஓடிவிட்டது. அடுத்த ஆண்டு ஒன்பதில்தான் அவளுக்கு உண்மையான நெருக்கடி. தாழ்வாரத்தில் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு அப்போது தெரியும்.

புகாரைப் பற்றி. அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையை மட்டுமல்லாமல் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கூட்டத்தின் நடுவே நிறுத்திக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வது அதில் அடங்கும் என்பதே என் கருத்து. எனவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தேர்வில் விடைத்தாளைக் காட்டியது தவறு, அதற்குப் பள்ளி நடவடிக்கை எடுக்கலாம் என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்ளுங்கள். அப்போதுதான் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். முதலில் வகுப்பாசிரியையைத் தனியாகச் சந்தியுங்கள், பிறகு தலைமை ஆசிரியரை. அவர்கள் செவிசாய்க்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் மகளிர் குழுவிலேயே யாராவது அதில் இருக்கக்கூடும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 எண்ணும் அதற்கு அப்பால். ஒருமுறை நடந்த இந்தச் சம்பவத்துக்கு முதல் வாரமே அங்கே போவது, பேசித் தீர்க்கக்கூடிய ஒன்றைப் பகையாக்கிவிடும். மறுபடி நடந்தால் தயங்காதீர்கள்.

ஆசிரியையிடம் கேட்க வேண்டியது இரண்டே. அட்டவணையை எடுத்துவிட வேண்டும். மகளுக்கு ஐந்து பேர் பொறுப்பு வேண்டாம். அவளும் தோழியும் வழக்கம்போல் படித்துக்கொள்ளட்டும். 'குட்டி டீச்சர்' வேலை எல்லோருக்கும் சுற்றி வரும்படி செய்யலாம் என்றும் நீங்கள் சொல்லிப் பார்க்கலாம். அந்தப் பெண்ணும் ஒருநாள் ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் நிற்கட்டும். எப்போதும் வாங்குகிற இடத்திலேயே இருப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு கூச்சம் தரும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எனக்கே ஏழாம் வகுப்பில் பின்னம் புரியவைத்தவள் பக்கத்து பெஞ்சுக்காரிதான், ஓர் ஒப்புட்டை எட்டாகப் பிய்த்து வைத்து. அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன்.

நானூறு ரூபாய்

இதை மற்றவற்றோடு கலக்காதீர்கள். பணத்தை எடுத்தது தவறு. நல்ல காரணத்துக்காக எடுத்ததால் அது சரியாகிவிடாது. அவள் கொடுத்தது அவளுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. குழுவில் இருக்கும் பெண்களுக்குச் சேர வேண்டிய தவணை. இதை அவளிடம் அப்படியே, கோபமில்லாமல், அப்பா பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். 'திருடி' என்ற சொல் வேண்டாம். நானூறையும் அவள் திருப்பித் தர வேண்டும். பொங்கலுக்கு அப்புச்சியும் அம்முச்சியும் கொடுத்த காசு இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் மாதம் ஐம்பதாக. இனி யாருக்காவது உதவ வேண்டுமென்றால் உங்களிடம் கேட்கலாம், நீங்கள் சில நேரம் முடியாது என்றும் சொல்வீர்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் கேட்காதீர்கள். அவர்கள் கேட்டு வாங்கிய பணம் அல்ல அது; நீங்கள் போய் நின்றால் அடி அந்தப் பெண்ணுக்கு விழும். சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகள் வகுப்பில் இன்னும் இருப்பார்கள். அதற்கு வழி பார்ப்பது தலைமை ஆசிரியரும் பெற்றோர்களும் செய்ய வேண்டிய காரியம். மேலாண்மைக் குழுவில் பேச இது நல்ல பொருள்.

என்.எம்.எம்.எஸ். போட்டி

"ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரு" என்று உங்கள் கணவர் சொல்வது கணக்குப்படி சரியில்லை. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டுக்கு 6,695 பேருக்கு இந்த உதவித்தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் எழுதும் தேர்வில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியால் உங்கள் மகளுக்கு வாய்ப்புக் குறைவதற்கான இடம் மிகச் சிறியது. கவலைப்பட வேண்டியது வேறொன்று. அந்தத் தேர்வில் பாடங்களிலிருந்து கேட்கும் படிப்பறிவுத் தாளின் 90 கேள்விகளில் கணக்குக்கு 20-தான். அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35. அரையாண்டில் சரிந்த அதே பாடம். இருவரும் மாலையில் உட்காரும் நேரத்தில் இனிக் கணக்கைக் குறைத்து, சமூக அறிவியலை ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்வதாக மாற்றிக்கொள்ளட்டும். ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், ஆறு மணிக்குள் வீடு: இந்த அளவை உங்கள் கணவரே வகுத்துத் தரட்டும்.

மகளிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி சொல்கிறேன். "காட்டினாயா?" என்று இனிக் கேட்க வேண்டாம். "அன்னிக்கு அவளுக்கு எந்தக் கேள்வி தெரியல? அதை இப்போ சொல்லிக் கொடுத்தாச்சா?" என்று கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய அந்த நோட்டுப் பக்கம். மேலே மலை, மழை, மளிகை என்று மூன்று சொற்கள். ஒவ்வொன்றின் கீழும் சிறு படம், மளிகைக்கு ஒரு தராசு. (ழகரத்தில் தடுமாறுவது பீகாரிலிருந்து வந்தவர்கள் மட்டும் இல்லை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.) நடுவில் அந்த மைனஸ் கணக்கு. வலது பக்கக் கீழ் மூலையில், படம் எடுக்கும்போது நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "உன் அம்மாவுக்கு என் மேள கோவமா?" அந்த 'ள'வை மட்டும் சிவப்பு மையில் அடித்து, மேலே 'ல' என்று எழுதியிருக்கிறாள் உங்கள் மகள். கேள்விக்குப் பதில் எழுதவில்லை.